செட்டையில் ஒரு கொம்பு

பல்லேகலையில் தையல் ஃபக்டரியில் வேலை செய்யும் என் பேத்தி போன வாரம் ஒரு கறுப்புச் சட்டை கொண்டுவந்தாள். ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று கழித்துவிட்டானாம். துவைத்துக் கம்பியில் போட்டிருந்தாள். மத்தியானம் மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. காற்று உள்ளே புகுந்து, சட்டைக்கு வயிறு உப்பி, இரண்டு கையும் மெல்ல மெல்ல உயர்ந்து விரிந்தன. உள்ளே ஆள் இல்லை. கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அம்மாயி, தனியாச் சிரிக்கிறீங்க?"

"தெரிஞ்சவர் ஒருத்தர் வந்திருக்காரு."

"யாரு?"

"நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்."

பேத்தி என் நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள். அவளிடம் விளக்கம் சொல்லப் போனால் பஸ்ஸை விட்டுவிடுவாள். உங்களுக்கு அவசரம் இல்லை என்று நினைக்கிறேன்.

அந்தப் புதுச் சட்டையில் ஒரு சாயவாடை இருந்தது. அச்சு மையின் வாடைக்கு அது தூரத்துச் சொந்தம். கண்டி டவுனில் மார்க்கெட்டுக்கு மேலே ஏறும் ஒரு சந்தில் அருளப்பன் முதலாளியின் அச்சகம் இருந்தது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை சந்தின் தொடக்கத்திலேயே வந்து நம் கையைப் பிடித்துக்கொள்ளும். கல்யாணக் கார்டு, சாவு நோட்டீஸ், கோயில் திருவிழா, மாதா திருநாள், எல்லாம் அங்கேதான். நான் தாள் மடிக்கவும் பசை ஒட்டவும் சேர்ந்தவள். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என் முகத்தைப் பார்த்ததில்லை. அங்கே எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறியதும், முதலாளி அச்சகத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். சும்மா இருந்த கை என்னுடையது மட்டும்தான்.

"எழுத்துத் தெரியுமா புள்ள?"

"பாத்தா அடையாளம் தெரியும்ங்க."

"பேரு?"

"கூப்பிட்டா அதுவும் திரும்பிப் பாக்கும்ங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டார்.

ஈய எழுத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு சின்னக் குச்சி. முகம் திரும்பி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இருக்கும். "செ" என்று போட வேண்டுமானால் ஒரு குழியிலிருந்து கொம்பு, இன்னொரு குழியிலிருந்து "ச" எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். கோர்க்கிறவளுக்குக் கதை தெரியாது, எழுத்துத்தான் தெரியும். நான் கோர்த்தது கல்யாணமா சாவா என்பதையே சுற்றியிருக்கிற கட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

முதலாளிக்கு ஒரு ஆசை இருந்தது. மாதம் ஒரு பத்திரிகை போட்டார். அதில் தொடர்கதை எழுதியவர் நவம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க். நல்ல வெயிலிலும் குடையோடுதான் வருவார். பேராதனைத் தோட்டத்து மரங்களில் வௌவால்கள் கூட்டங்கூட்டமாகத் தொங்குவதை ஒருநாள் அண்ணாந்து பார்த்தாராம். இவை இந்த உலகத்து உருப்படிகள் இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டதாம். நானும் கலஹாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ்ஸில் போகும்போது அவற்றை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றியதெல்லாம், தலைகீழாகத் தொங்கினால் சாப்பிட்டது தொண்டைக்கு வராதா என்பதுதான்.

அவருடைய கதை பேய்க்கதை இல்லை. பேய் என்றால் அதற்கு நம்மோடு ஒரு வழக்கு இருக்கும், பூசை வைத்தால் போய்விடும். இது நட்சத்திரங்களுக்கு அப்பாலிருந்து வந்த ஒன்று. சாமிகளுக்கும் முந்தியது. அதற்கு முகம் கிடையாது. நம் மேல் கோபமும் கிடையாது. அது தலைக்கு மேலே பறந்து போகும்போது யார்மேல் இருள் படுகிறதோ அவர்கள் சாக மாட்டார்கள். எழுந்திருப்பார்கள், வேலைக்குப் போவார்கள், சாப்பிடுவார்கள். உள்ளே மட்டும் ஒன்றும் எட்டாது. எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகூடத் திட்டும்போது பேர் சொல்லித்தான் திட்டுவார். இது அந்த மரியாதையும் தராது.

எழுபத்து நாலு வாக்கில் நடந்தது இது. வாரநாளில் முதலாளி வீட்டுக் குசினிக்குப் பக்கத்து அறையில் படுத்துக்கொள்வேன். சனிக்கிழமை பின்னேரம் அரிசியோ மாவோ, கிடைத்ததைக் கட்டிக்கொண்டு கலஹாவுக்கு பஸ் ஏறுவேன். தோட்டத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கொடுத்தால் அதிகம். அப்பா முன்னமே போய்ச்சேர்ந்துவிட்டார். லயத்து வரிசையில் எங்கள் ஒற்றை அறையில் அம்மா, தம்பி, கடைசித் தங்கை சரசு. என் பை வீட்டுக்கு வந்த பிறகுதான் அடுப்பில் நெருப்பு வரும். கூப்பனுக்குக் கொடுக்கிற மாவும் இல்லாத வாரங்களில் மரவள்ளி இலையை அவித்தார்கள். சரசுவுக்கு நாலு வயது. வயிற்றாலே போனது, மூன்று நாள். தேயிலைக்கு நடுவே அடக்கம் செய்தோம். அடுத்த நாள் காலையில் அம்மா என் பையை எடுத்து என் கையில் தந்தாள்.

"கெளம்பு. அழுதுக்கிட்டு இங்க இருந்தா வேற ஆளப் போட்டுக்குவாங்க. தம்பிக்கு என்னத்தக் குடுக்கிறது?"

நான் அழவில்லை என்று அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். பஸ் வந்துவிட்டது.

அன்றைக்கு மேசையில் இருந்தது நவம் ஐயாவின் மூன்றாவது அத்தியாயம். அந்தப் பிராணியின் உடம்பு முதல்தடவையாக வெளியே தெரிகிற இடம். "அது தன் கரிய செட்டைகளை விரித்தது" என்று எழுதியிருந்தார். செட்டை? நான் பிறந்ததிலிருந்து கேள்விப்படாத சொல். யாரிடமாவது கேட்கலாம் என்றால், முதலாளி தாள் வாங்கக் கொழும்புக்குப் போயிருந்தார். நாலு வரி தள்ளி, "அது மனிதரைச் சட்டை செய்யவில்லை" என்று இருந்தது. அங்கே கொம்பு இல்லை! சரிதான், படித்த மனிதர், அவசரத்தில் மேலே கொம்பைக் கூட்டிப் போட்டுவிட்டார், பத்திரிகை வந்ததும் நாலுபேர் சிரிப்பார்கள், பாவம் என்று நினைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்கிற நினைப்பில் பதினொரு இடத்தில் கொம்பைக் கழற்றினேன்.

நீங்கள் சிரிக்கக் கூடாது. பத்திரிகையில் வந்தது இதுதான்: "நட்சத்திரங்களின் பின்னாலிருந்து வந்த அது, தன் கரிய சட்டைகளை மெல்ல விரித்தது. ஒவ்வொரு சட்டையும் ஒரு மலையளவு இருந்தது. சட்டைகளைப் படபடவென்று அடித்தது. பிறகு சட்டைகளை மடித்துக்கொண்டு மலையுச்சியில் அமர்ந்தது." வண்ணார் வீட்டிலிருந்து வந்த பிராணி மாதிரி ஆகிவிட்டது. நான் கவனித்தேனா என்று கேட்டால், இல்லை. கை கோர்த்தது. அந்த வாரம் என்னிடம் வேலைக்கு வந்தது கை மட்டும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் நவம் ஐயா குடையை மடிக்காமலே உள்ளே வந்தார்.

"ஆர் இதைக் கோத்தது? என்ர பிராணிக்கு ஆர் சட்டை போட்டுவிட்டது?"

முதலாளி என்னைக் காட்டினார்.

"பிள்ளை, செட்டை எண்டால் என்னெண்டு தெரியாதோ? கோழிக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறது என்ன?"

"றெக்கைங்க ஐயா."

"அதுதான் செட்டை!"

"எங்க பக்கத்துக் கோழிக்கு அது தெரியாதுங்களே ஐயா."

"அப்ப வானத்திலயிருந்து வாறது சட்டை போட்டுக்கொண்டு வருமோ?"

"வந்தா நல்லதுங்க ஐயா. இங்க மலையில குளிரு."

வாய் என்னுடையது, ஆனால் நான் சொன்ன மாதிரி இல்லை. முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "வாய மூடு புள்ள! தப்பும் செஞ்சிட்டு நையாண்டி வேறயா? திங்கக்கெழம வராத. வேற ஆள் பாத்துக்குறேன்."

நவம் ஐயா பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் பையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பேராதனையில் வௌவால்கள் மரத்தைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. அடுத்த சனிக்கிழமை இந்தப் பையில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பயப்பட வேண்டும் என்பது தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பி ரொட்டியைச் சுற்றிலும் கடித்துவிட்டு நடுவைக் கடைசிக்கு வைத்திருந்தான். இன்னொருவருக்கு வைத்துத் தின்கிற பழக்கம் அவனுக்கு இன்னும் போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை விடியற்காலை வழக்கம்போலக் கிளம்பினேன். வராதே என்று சொன்ன இடத்துக்குப் போகிறவளுக்கு வெட்கம் வேண்டும். அதுவும் அந்த வாரம் லீவில் இருந்தது. கேட்காமலே தும்புக்கட்டையை எடுத்து அச்சகத்தைக் கூட்டினேன். முதலாளி பார்த்தார், ஜெபமாலையில் இரண்டு மணிகளை உருட்டினார். "ஆள் கெடைக்கிற வரைக்கும்" என்றார்.

ஆள் கிடைப்பதற்கு முன்னால் தபால் அட்டைகள் வந்தன.

முதல் அட்டை கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து. "அந்தச் சட்டைகளுக்கு உள்ளே ஆள் உண்டா, இல்லையா? அடுத்த இதழ் வரும்வரை பொறுக்க முடியாது. எங்கள் லயத்தில் இப்போது பொழுது சாய்ந்தபின் யாரும் கொடியில் துணி விடுவதில்லை." கடுகண்ணாவையில் துணிக்கடை வைத்திருந்தவர் ஒருவர், கதையைப் படித்ததிலிருந்து வாசலில் தொங்கவிட்ட சட்டைகளைப் பார்க்கவே முடியவில்லை, எல்லாவற்றையும் இறக்கி மடித்துவிட்டேன், வியாபாரம் படுத்துவிட்டது, இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார். பொத்தான் எத்தனை என்று ஒரு டீச்சரம்மா கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் என் உள்ளங்கை கொள்ளாத அளவு அட்டை. அதற்கு முந்திய இரண்டு மாதத்தில் வந்தது ஒரே ஒரு அட்டை. அது சந்தா முகவரி மாற்றம்.

சனிக்கிழமை நவம் ஐயா மறுபடி வந்தார். கையில் திருத்தம் எழுதிய தாள் இருந்தது. "செட்டை என்பது சட்டை எனத் தவறாக அச்சாகிவிட்டது, வருந்துகிறோம்." முதலாளி அட்டைகளை அவர் முன்னால் வைத்தார். ஐயா நின்றபடியே எல்லாவற்றையும் வாசித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் வாசித்தார்.

"ரெண்டு மாசமா மண்டையை உடைச்சு எழுதுறன், ஒருத்தரும் ஒரு காட் போடேல்லை. நீர் ஒரு கொம்பைக் கழட்டினீர், மலை முழுக்க எழுதுது." என்னை நிமிர்ந்து பார்த்தார். "உமக்குப் பயமா இருந்ததோ, பிள்ளை?"

"இல்லைங்க ஐயா."

"ஏன்?"

"எங்க லயத்துக்கு அது முந்தின கெழமையே வந்துட்டுப் போயிருச்சுங்க."

பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். முதலாளி அவரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சரசு என்ற பேர் மட்டும் எனக்குக் கேட்டது. நான் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐயா திரும்பி வந்து, திருத்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"திருத்தம் வேண்டாம், முதலாளி. சட்டையே இருக்கட்டும். உள்ளுக்க ஆள் இல்லாத சட்டை. பிள்ளையையும் நிப்பாட்டவேண்டாம்."

"அதுக்கில்லைங்க ஐயா, இவ திரும்பவும் ஏதாச்சும்..."

"நான் எழுதினதை எழுதினபடி கோர்ப்பா. என்ன, பிள்ளை?"

"ஒரு புள்ளியக்கூடத் தொடமாட்டேங்க ஐயா."

அந்த வாக்கைக் காப்பாற்றினேன். அவர் "எண்டு" என்று எழுதினால் "எண்டு" தான், கழுதைக்குக் கொம்பு வைத்தால் கழுதைக்குக் கொம்புதான். மூன்று வருஷம் அந்தச் சட்டைகள் மலைக்கு மேலே பறந்தன. இடையில் இரண்டு தடவை தாள் கிடைக்காமல் பத்திரிகை படுத்து எழுந்தது. எங்கள் பக்கத்துச் சொல் ஏதாவது வேண்டுமென்றால் ஐயா என்னிடம்தான் கேட்பார். நானும் பத்துக்கு ஒன்று பொய்யாகச் சொல்லிக்கொடுப்பேன். பனிமூட்டத்துக்கு நாங்கள் "மாமியார் மூச்சு" என்று சொல்வோம் என்றேன். அப்படியே எழுதினார். அப்படியே கோர்த்தேன். வாக்கு வாக்குத்தானே? என் பை ஒவ்வொரு சனிக்கிழமையும் கலஹாவுக்குப் போனது. தம்பி வளர்ந்தான். தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தான்.

கடைசி அத்தியாயம் எழுபத்தேழில், தேர்தல் முடிந்த அடுத்த மாதம் வந்தது. ஐயா தானே கொண்டுவந்து தந்தார். "இதோட சரி, பிள்ளை. முடிவை நான் கந்தோரில ஒருத்தருக்கும் சொல்லேல்லை" என்றார். நானும் எட்டிப் பார்க்கவில்லை. எழுத்து எழுத்தாகக் கோர்த்துப்போய், மை தடவி, முதல் தாளை இழுத்த பிறகுதான் வாசிப்பது என்று வைத்திருந்தேன். அது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பண்டிகை. பாதியில் "ழ" தீர்ந்துவிட்டது. நிழல், அழுகை, விழுதல், எழுதல் என்று மனிதர் கொட்டித் தீர்த்திருந்தார். குழி காலி. முதலாளியிடம் போனேன்.

"ள போடு. மலையில எவனுக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

"ஐயாவுக்குத் தெரியும்ங்க."

"மறுபடியும் வம்புக்கா?"

"வம்பு வேணாம்னுதாங்க கேக்குறேன். கட்டுக்கலை அச்சகத்துல எரவல் வாங்கிட்டு ஓடி வந்துர்றேன்."

போ என்று கையைக் காட்டினார். கட்டுக்கலையில் ஒரு நெருப்புப்பெட்டி நிறைய "ழ" எண்ணிப் போட்டுத் தந்தார்கள். திரும்பி வருகிற வழியில், மார்க்கெட் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. அதை நடத்திய சிங்களப் பெண் வாசலுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "நங்கி, யன்ன எப்பா" என்றாள். தங்கச்சி, போகாதே. பலகைச் சுவரில் ஒரு இடுக்கு இருந்தது. அதன் வழியாகப் பார்த்தேன். ஒரு கூட்டம் எங்கள் சந்துக்குள் ஏறிப் போனது. எல்லோரும் சாதாரணச் சட்டைதான் போட்டிருந்தார்கள். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. எனக்குப் பழகின வாடைதான், அதனால் முதலில் வேலை நேரம் என்று நினைத்துக்கொண்டேன். கடைக்காரி தேத்தண்ணி தந்தாள். சீனி அதிகம் என்று மனதில் பட்டது.

தமிழர் கடைகளைத் தேடித்தேடி எரித்த நாள் அது. முதலாளி பின்சுவர் ஏறித் தப்பித்துவிட்டார். கொஞ்ச நாளில் தன் தம்பி வீட்டோடு இருக்கப்போவதாகச் சொல்லிக் கடற்கரைப் பக்கம் போனார். நவம் ஐயா யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கடைசி அத்தியாயத்தின் கையெழுத்துத் தாள் என் மேசையிலேயே இருந்தது. மேசையும் இல்லை. பெட்டிகளிலிருந்த எழுத்தெல்லாம் உருகி, நடுத்தரையில் ஒரு பெரிய ஈயப் பாயாகக் கிடந்தது. முதலாளி சொன்னபடி "ள" போட்டிருந்தால், கூட்டம் வந்த நேரத்தில் நான் அங்கேயே நின்றிருப்பேன் என்பது பல நாள் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. ஏறியபோதும் அது என்னை ஒன்றும் செய்யவில்லை. அப்போது நான் கலஹாவில் கூடை கட்டிக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். தம்பி சம்பாதித்தான், யாரும் பட்டினி கிடக்கவில்லை.

இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கக் கட்டுக்கலைக்கு ஒருநாள் போனேன். அந்த அச்சகமும் பூட்டியிருந்தது. அந்தக் கதவு பிறகு திறக்கவே இல்லை. இப்போது அங்கே ஃபோன் கடை. எங்கள் சந்தில் வாகனம் நிறுத்துகிறார்கள். அந்தப் பத்திரிகையின் ஒரு பிரதியாவது எந்தத் தோட்டத்திலாவது யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடக்கிறதா என்று எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பத்திரிகை வந்ததே ஞாபகமில்லை என்கிறார்கள். கதை எப்படி முடிந்தது என்பது எனக்கும் தெரியாது. பாதி முடிவை இந்தக் கையால் கோர்த்திருக்கிறேன், ஆனாலும் தெரியாது.

நெருப்புப்பெட்டியை மட்டும் கல்யாணமாகி வந்த வீட்டுக்கும் கொண்டுவந்தேன். அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் மகாவலியில் மீன் பிடிக்கப் போகிறவர். ஒருநாள் தூண்டிலுக்கு ஈயம் தேடியிருக்கிறார். பெட்டி கண்ணில் பட்டு, "ழ" எல்லாம் தூண்டிலுக்குப் போயிருக்கிறது. பின்னேரம் வெறுங்கையோடு வந்தார். நூல் நூலாகப் பாறையில் மாட்டி அறுந்துபோச்சாம், ஒன்றுகூட மிச்சமில்லையாம்.

"மீனு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் கடிக்கல" என்றார்.